ஆப்டிமஸின் முதுகு மூட்டை

கேள்வி: ‘வார் ஃபார் சைபர்ட்ரான்’ வீடியோ கேமில் வரும் ஆப்டிமஸ் பிரைம் பொம்மை வாங்க ஆசை. நல்லதா, சொத்தையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: 2010-ல் வெளிவந்த அந்த கேமில், பட்டனைத் தட்டினால் கண் இமைப்பதற்குள் ரோபோவான ஆப்டிமஸ் வண்டியாகிவிடுவார். கை கால் எங்கே போயிற்று என்று திரையிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. பிளாஸ்டிக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு பாகமும் எங்காவது ஒளிந்தாக வேண்டும்.

ஆகவே, முதலில் வண்டியைத் தலைகீழாகத் திருப்புங்கள். அடியில் ரோபோவின் முஷ்டி எட்டிப் பார்த்தால் மார்க்கைக் குறையுங்கள். அடுத்து, ரோபோவின் முதுகு. வண்டியின் பாதி அங்கே மூட்டையாகத் தொங்கினால், அவர் சண்டைக்குப் போகிறவரா, சந்தைக்குப் போகிறவரா? கடைசியாக, கையில் துப்பாக்கியைக் கொடுத்து நீட்டச் சொல்லுங்கள். தோள் மூட்டு தளர்ந்து கை தொங்கினால் அவருடைய சொந்தக் கிரகமான சைபர்ட்ரான் கோவிந்தா!

பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ 2010-ல் இவரைச் சிறிய அளவில் போட்டது. 2023-ல் ‘ஸ்டுடியோ சீரிஸ் கேமர் எடிஷன்’ வரிசையில், சுமார் ஆறரை அங்குல உயரத்தில் புதிதாகவே செய்தது. திரையில் பார்த்த உருவம் வேண்டுமென்றால் பின்னதைப் பாருங்கள். பெட்டியில் ‘8 வயதுக்கு மேல்’ என்று இருக்கும். மேல் வரம்பு எதுவும் போடவில்லை. உங்களுக்கும் எனக்கும் அதுதானே வசதி!