ஸ்கீமாப் பிழைகளின் தாரதம்மிய விசாரம்

வழுக்களையெல்லாம் ஒரே தராசிலிட்டு நிறுப்பது சாஸ்திர ஞானமற்றோர் செயல் என்பதைப் பண்டைத் தர்மநூலோரும் பிற்காலத்து நியாயவாதிகளும் ஒருங்கே ஒப்பியிருக்கவும், இணையத்தளங்களின் ஸ்கீமாப் பிழைகளைத் திருத்தப் புகுவோர் மாத்திரம், எது முந்தியது எது பிந்தியது என்ற விசாரமின்றிக் கண்ணிற் பட்டதைப் பட்டவாறே திருத்தி வருவது பெரிதும் வியப்பிற்குரியது. அக்குறையை நிவர்த்தி செய்யவே இவ்வாராய்ச்சி எழுந்தது. மன்னார் நகருக்கு அணித்தாயுள்ள கீரிக் கடற்கரையை இதற்குக் களமாக வரித்துக்கொண்டமையின் காரணம் உரியவிடத்துப் புலப்படும்.

ஸ்கீமா எனப்படுவது யாதெனின், மனிதர் வாசிக்கும் பக்கத்தின் பின்புறத்தே, இயந்திரம் வாசிப்பதற்கென்று பெயர், முகவரி, விலை, நேரம் முதலியவற்றைத் தனித்தனியே வகுத்து எழுதிவைக்கும் சாசனமாம். கூகிள், பிங், யாகூ ஆகிய மூன்று தேடற்பொறியாரும், வியாபாரத்தில் ஒருவரையொருவர் பகைப்போராயினும், 2011 யூன் மாதத்தில் இதற்கென்று பொதுச் சொற்றொகுதியொன்றை ஸ்கீமா.ஆர்க் என்ற பெயரால் வெளியிட்டனர். இச்சாசனம் செவ்வையாயிருப்பதனால் மாத்திரம் ஒரு தளம் தேடல் வரிசையில் மேலேறிவிடாது, அலங்காரத்தோடு தோன்றும் தகுதி மட்டுமே அதற்குக் கிட்டும் என்று கூகிளே கூறியிருக்கவும், மேலேற்றித் தருவதாகச் சொல்லிக் காசு வாங்குவோர் கொழும்பிலும் உளர், சென்னையிலும் உளர்.

கூகிளின் சேர்ச் கொன்சோல் என்னுங் கணக்கேடு பிழைகளை இருவகைப்படுத்தும்: அலங்காரத் தோற்றத்தை அடியோடு தடுப்பன, தடுக்காதன. மன்னாரில் கத்தோலிக்க ஞானோபதேச வகுப்பிற்குப் போய்வந்த எந்தச் சிறுவனும் இவற்றைச் சாவான பாவம், அற்ப பாவம் என்று உடனே இனங்கண்டுகொள்வான். உள்ளூர் வியாபாரத் தலமொன்றுக்குப் பெயரோ முகவரியோ இல்லையேல் முன்னது. தொலைபேசி இலக்கமோ விலை விபரமோ இல்லையேல் பின்னது. ஆயினும், இப்பாகுபாட்டையே திருத்தத்தின் வரிசையாகக் கொள்ளுதல் தகாது என்பது எமது சித்தாந்தம். கணக்கேடு காண்பது விடுபட்டவற்றையும் வடிவம் பிசகியவற்றையுமே. வடிவங் குன்றாத பொய் அதன் கண்ணுக்குத் தென்படுவதில்லை.

திருட்டாந்தமாக, கீரிக் கடற்கரையில் ஒரு விருந்தினர் விடுதி இருப்பதாகக் கற்பித்துக்கொள்வோம். அதன் தானம் ஏறத்தாழ வட அட்சம் 9 பாகை, கிழக்குத் தீர்க்கம் 79.9 பாகை. தளத்தை அமைத்தவர் இவ்விரண்டையும் இடம்மாற்றி எழுதிவிட்டாராயின், விடுதி நோர்வேக்குரிய சுவால்பாட் தீவுகளின் வடமேற்குக் கரைக்கு அப்பால், ஆர்ட்டிக் கடலினுள் போய் நிற்கும். கடற்காற்று வீசும் அறைகள் என்ற வருணனை அங்கும் பொருந்துமெனினும், மன்னார்ப் பாலத்தைக் கடந்து வந்த ஓட்டோக்காரருக்கு அது பயன்படாது. இதே பிழை சிங்கப்பூரில் நேர்ந்திருப்பின் அக்கணமே அகப்பட்டிருக்கக்கூடும். அங்கே தீர்க்கம் 103 பாகைக்கு மேற்பட்டது, 90-க்கு மேற்பட்ட அட்சமோ பூமியில் இல்லை. இலங்கையின் தீர்க்கம் 79-க்கும் 82-க்கும் இடையே கிடப்பதனால், இடம்மாறிய எண்ணும் மெய்யெண்ணாகவே வேடந்தாங்கிக் கணக்கேட்டின் முன்னே கூசாது நிற்கின்றது. கீரியைக் களமாக வரித்தமை இதன்பொருட்டே. இவ்வெண்களுக்குத் தசமத்தின் பின் 5 தானங்களாவது வேண்டும் என்பது கூகிளின் விதி; அஃது ஏறத்தாழ ஒரு மீற்றர் நுட்பம். சோளகமும் வாடையும் மாறிமாறி மணலை அள்ளிச் செல்லும் கரையில், ஒரு மீற்றரைப் பற்றி வாதிடுமுன் சமுத்திரத்தைச் சரிசெய்துகொள்வது உசிதம்.

நேரமும் இத்தன்மைத்தே. இரவும் பகலும் திறந்திருப்பதைக் குறிக்க விரும்பி, திறப்பு 00:00, அடைப்பு 00:00 என்று எழுதுவோர், கூகிளின் மரபுப்படி நாள் முழுவதும் பூட்டிக் கிடப்பதாகவே பிரகடனஞ் செய்கின்றனர். அடைப்பு 23:59 என்றிருத்தல் வேண்டும். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து விடியுமுன் இறங்கியவன் இதனை நம்பி வேறிடம் போனால், அவனுக்குக் கொன்சோலில் வழுவின்மையைக் குறிக்கும் பச்சை நிறத்தைக் காட்டி என்ன பயன்?

கணக்கேடு காணுவனவற்றுள் தலையாயது, சாசனம் முழுவதையும் வாசிக்கவொண்ணாததாக்கும் இலக்கண வழு. மன்னாரின் 023 என்னும் தொடக்கத்தை மேற்கோட்குறியின்றி வெறும் எண்ணாக எழுதினால், பூச்சியத்தில் தொடங்கும் எண்ணை, இச்சாசனம் எழுதப்படும் ஜேசன் (JSON) வடிவத்தின் இலக்கணம் ஏற்காமையால், பெயர், முகவரி, நேரம் அனைத்தும் அவ்வொரு பூச்சியத்தோடு ஒழியும். மேற்கோட்குறிக்குள் +94 23 என்று தொடங்குவது உத்தமம்.

இவை யாவற்றுக்கும் மேலாக நிற்பது, மனிதருக்குக் காட்டாததை இயந்திரத்துக்குச் சொல்லுதல். பக்கத்தில் இல்லாத மதிப்பீட்டு நட்சத்திரங்களைச் சாசனத்தில் மாத்திரம் பதிப்பவர் கூகிளின் நேரடித் தண்டனைக்கு ஆளாகக்கூடும். தமது விடுதிக்குத் தமது தளத்திலேயே நட்சத்திரம் சூட்டுவோருக்கு 2019 செப்டெம்பரிலிருந்து அவை தேடற் பக்கத்தில் காட்டப்படுவதுமில்லை. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்குரிய ஸ்கீமாவின் அலங்காரத் தோற்றமும், 2023 ஓகஸ்டில், பேர்பெற்ற அரசாங்க, சுகாதாரத் தளங்களுக்கே உரியதென ஒதுக்கப்பட்டமையால், விடுதிக்காரர் அதிலுள்ள பிழையைத் திருத்த இரவு விழித்தல் வீண்.

ஆகவே, பொய்யை நீக்குக; தானத்தையும் நேரத்தையும் மெய்யாக்குக; அதன்பின் இலக்கண வழு, அதன்பின் விடுபட்ட பெயரும் முகவரியும். அற்ப பாவங்கள் மழைக்காலம் வரை காத்திருக்கலாம். திருத்தியபின் சரிபார்க்குமாறு கொன்சோலிடம் விண்ணப்பித்தால், விடை வருவதற்கு இரண்டு வாரம் வரை செல்லக்கூடும். அதுவரையில் விடுதிக்காரர் தமது தொலைபேசி இலக்கத்தை வாசற் பலகையிலும் பெரிதாக எழுதி வைப்பாராக.