இறக்கத்தில் நியூட்ரலா?

கேள்வி: கண்டியிலிருந்து மாவனெல்லைப் பக்கம் போகும்போது, கடுகண்ணாவ இறக்கத்தில் காரை நியூட்ரலில் விட்டால் பெற்றோல் மிச்சம் என்கிறார் என் வீட்டுக்காரர். சரியா?
– ஒரு வாசகி, பேராதனை

பதில்: பெற்றோல் மிச்சமாகாது, பிரேக்தான் செலவாகும்! இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில், கியரில் இறங்கும்போது அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பெற்றோல் பாய்வது பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். நியூட்ரலிலோ, எஞ்சின் அணையாமலிருக்கக் குடித்துக்கொண்டே இருக்கும். வண்டியின் பாரமெல்லாம் பிரேக்கில் விழும். அது அளவுக்கு மீறிச் சூடேறினால் மிதித்தாலும் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். ஓட்டோ கியர் என்றால் 'எல்', பிரியஸ் போன்ற ஹைபிரிட் என்றால் 'பி'. தாத்தா காலத்து மொரிஸ் மைனருக்கும் கியரில் இறங்குவதே பாதுகாப்பு. மலைப்பாதையில் வீட்டுக்காரர் சிக்கனம் பிடிக்க வேண்டியது வேகத்தில்தான்!