வாய் திறக்காத கியர் பெட்டி

கல்முனைக் கரையில் எதை இழுப்பதென்றாலும் லேண்ட் மாஸ்டர்தான். சம்மாந்துறை வயலிலிருந்து நெல் மூட்டை, கட்டுகிற வீட்டுக்கு மணல், கலியாண வீட்டுக்குக் கதிரை, கரையேறிய தோணி எல்லாமே அதன் பெட்டியில்தான் போகும். அந்த மெஷினிடம் எனக்குப் பிடித்த குணம், சூடானால் மறைக்காது. பழைய மெஷின்களில் என்ஜினுக்கு மேலே திறந்த தண்ணீர்த் தொட்டி இருக்கும். பாரம் கூடினால் தண்ணீர் கொதித்து ஆவி பறக்கும். ஓட்டுகிற தம்பி இறங்கி, வாய்க்காலில் ஒரு டின் தண்ணீர் அள்ளி ஊற்றிவிட்டுத் திரும்ப ஏறுவார். தொட்டியில் தண்ணீர் இருக்கும் வரை அதன் சூடு 100 பாகையைத் தாண்ட வழியில்லை. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் என்று எந்தச் சோடனையும் இல்லாமல் நடக்கிற வேலை அது.

ஓட்டோ கியர் வேன் அப்படியல்ல. அது பெண் வீட்டில் குடியேறிய புது மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். மாமி வைத்ததைச் சாப்பிட்டு, மாமா சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, எல்லாரும் “தங்கமான புள்ள” என்று மெச்சிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் திடீரென்று வாயைத் திறப்பார். அன்றைக்கு ஊர்ப் பெரியவர்களைக் கூட்ட வேண்டிவரும். கியர் பெட்டி வாய் திறக்கிற நாளில் கூட்ட வேண்டியது காசை.

மச்சானிடம் இருப்பது அப்படியொரு தங்கமான டீசல் வேன். தெல்தெனியாவில், விக்டோரியா நீர்த்தேக்கப் பக்கம் மீன் பிடிக்கிற ஒருவர் பழைய பைபர் தோணி கேட்டிருந்தார். தோணி சாய்ந்தமருதுக் கரையில் கிடந்தது. லொறிக்காரர் சொன்ன ஹயர் காசு தோணியின் விலையோடு தோள் உரசி நின்றது.

“பெட்டி ஒண்டு அடிச்சி வேனுக்குப் பின்னால கொழுவினாச் சரிதானே” என்றார் மச்சான்.

மஹியங்கனை வரை கவலை இல்லை. எங்கள் கரையில் ஏற்றம் என்றால் வேகத்தடைதான். ஆனால் ஹசலக்க தாண்டினால் மலை ஏறும் பதினெட்டு வளைவு. அதுவும் நாடு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்த காலம். வயது கூடக்கூட விலையும் கூடியது வேனுக்கு மட்டும்தான். அந்த வேனின் கியர் பெட்டியைக் கருக்கிவிட்டு வந்தால், மச்சானை வீட்டுக்குள் எடுத்திருக்க மாட்டார்கள்.

“கூலர் ஒண்டு போடாம மலைக்குப் போகப்படா” என்று சொல்லிவிட்டார் மெக்கானிக் காக்கா. சொல்லி முடிப்பதற்குள் கராச்சைச் சுற்றி ஆலோசனைச் சபை கூடிவிட்டது.

“வேனுக்கு ஏசி இரிக்கிதானே, மறுகா என்னத்துக்குக் கூலர்?” என்றார் ஒருவர்.

“நாங்க பெட்ஃபோர்ட் லொறியில நெல் ஏத்திக்கிட்டு இதே மலையில ஏறின. கூலரா வெச்சிருந்த?” என்றார் ஒரு பழைய டிரைவர். அந்த லொறிக்குக் கிளச் இருந்ததை அவருடைய இடது கால் மறந்திருக்காது. வாய் மறந்துவிட்டது.

“கட்டார்ல ஒட்டகத்தையே பெட்டியில ஏத்தி இழுக்கிற” என்றார் அங்கிருந்து திரும்பி வந்த தம்பி. அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. கட்டார் என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

காக்கா விளக்கினார். கிளச் உள்ள வண்டியில் இரும்பும் தகடும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஓட்டோவில் என்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் இருப்பது ஒயில். என்ஜின் பக்கத்து விசிறி ஒயிலை வீச, அந்த வீச்சில் மறுபக்கத்து விசிறி சுற்றும். சமதரையில் வேகமாகப் போகும்போது உள்ளே ஒரு பூட்டு விழுந்து இரண்டும் ஒன்றாகிவிடும். பாரத்தோடு மெதுவாக மலை ஏறும்போது பூட்டு விழாது. ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் ஆறுதலாகவும் சுற்ற, இடையில் அகப்பட்ட ஒயில் கடைபட்டுக் கொதிக்கும். அது 80, 90 பாகையில் இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஒயிலின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களின் பொதுக் கணக்கு. அந்த ஒயிலை ஆற்றத்தான் கூலர்.

இந்த விசிறிச் சோடியைக் கண்டுபிடித்தவர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்ற ஜெர்மன்காரர். 1905இல் காப்புரிமை எடுத்தார். அப்போது அவருக்கு வேலை ஸ்டெட்டின் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில். வேகமாகச் சுற்றும் நீராவிச் சுழலியை, மெதுவாகச் சுற்ற வேண்டிய கப்பல் விசிறியோடு இணைக்கத்தான் அதைச் செய்தார். பிறகு அது வண்டிக்கு வந்தபின், கியர் ஒயிலில் திமிங்கில எண்ணெயும் கலந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா தடை போட்ட பிறகுதான் திமிங்கிலத்தை விட்டார்கள். கப்பலுக்குச் செய்த சாமான், திமிங்கிலத்தின் எண்ணெய் குடித்து வளர்ந்து, இப்போது தோணியை மலைக்கு இழுக்கப் போகிறது. மச்சானிடம் இதைச் சொன்னேன். “மறுகா என்ன, தோணி அதுக்குச் சொந்தக்காரன்தானே” என்றார்.

கூலர் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கியது. தாளில் சுற்றிய அலுமினியச் சட்டம். இரண்டு குழாய் வாய். கியர் பெட்டியிலிருந்து ஒயில் ஒரு குழாயால் ரேடியேட்டரின் அடிக்குப் போய், மறு குழாயால் திரும்பி வரும். புதுக் கூலர் அந்தத் திரும்பும் வழியில் நிற்க வேண்டும். எது திரும்பும் வழி? காக்கா ரேடியேட்டர் பக்கம் ஒரு குழாயைக் கழற்றி, இரண்டு முனைக்கும் ஒவ்வொரு போத்தலைப் பிடித்து, என்ஜினை ஒரு கணம் உயிர்ப்பித்து நிறுத்தச் சொன்னார். ரேடியேட்டர் முனையில் ஒயில் பீச்சியது. அதுதான். வந்தது பழுப்பு நிறம். விரலில் தேய்த்து எனக்கு மோக்கக் கொடுத்தார், கருகல் வாடை. தங்கமான புள்ள உள்ளுக்குள் புகைந்துகொண்டுதான் இருந்திருக்கிறான்.

பிளாஸ்டிக் நாடாவால் கட்டிவிடலாம் என்று சபை சொன்னது. காக்கா பட்டை இரும்பை வளைத்துத் தாங்கி செய்தார். உரசாமல் ரப்பர் வைத்தார். அவுட்போர்ட் மோட்டாரின் தண்ணீர்க் குழாயை ஒருவர் அன்போடு நீட்டினார். சூடான ஒயிலுக்கு அது ஊதிப் பிளந்துவிடும் என்று திருப்பிக் கொடுத்து, ஒயிலுக்கென்றே வரும் குழாயைப் போட்டு முனைக்கு இரண்டு கிளிப் இறுக்கினார். புது ஒயில் ஊற்றி, என்ஜின் ஓட ஓடக் கியரை ஒவ்வொன்றாக மாற்றி, சூடேறிய பிறகு அளவுகோலை இழுத்துப் பார்த்தார். பெட்டி, கூலர், ஒயில், கூலி எல்லாம் கூட்டிப் பார்த்தபோது, லொறிக்காரர் நியாயமான மனிதராகத் தெரிந்தார்.

பதினெட்டு வளைவில் ஓவர்டிரைவை நிறுத்தி, ஏசியை நிறுத்தி, கதையையும் நிறுத்தி ஏறினோம். தோணியைக் கட்டியிருந்த கயிற்றை விட உம்மா ஓதி ஊதிவிட்டதில்தான் எனக்கு நம்பிக்கை. ஹுன்னஸ்கிரியவில் நிறுத்தி அளவுகோலை வெள்ளைத் தாளில் துடைத்தோம். நல்ல சிவப்பு. கருகல் வாடை துளியும் இல்லை.

தெல்தெனியாக்காரர் தோணியைத் தட்டிப் பார்த்தார். பிறகு வேனைச் சுற்றி வந்தார். திரும்பவும் சுற்றி வந்தார். குனிந்து முன் கிறிலுக்குள் பார்த்துவிட்டு, “வேன் குடுக்கிறதா?” என்று கேட்டார்.

மச்சான் யோசிக்கவே இல்லை. “குடுப்பன். கூலரக் கழட்டிப்போட்டுத்தான் தருவன்.”