தள்ளுபடிக்குப் பொறப்பட்ட மருமவனே!

என்ன மருமவனே, ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் விடியாததுமா ரெண்டு கட்டப்பையோட டிமார்ட்டுக்குக் கிளம்பியாச்சு போல? போயிட்டு வாரும். நூறு ரூபா மிச்சம் புடிக்க ரெண்டாயிரம் செலவழிக்கதுக்கும் ஒரு தெம்பு வேணும்லா!

போன வாரத்து பில்லை நானும் பார்த்தேன்வே. மொழ நீளம். பருப்பு, எண்ணெய், சோப்பு, சரி. அந்த மூணு பிளாஸ்டிக் டப்பா எதுக்கு? “எம்ஆர்பியில பாதி விலை மாமா”ன்னீரு. இப்போ டப்பா சும்மா கிடக்கேன்னு, அதை ரொப்பச் சாமான் வாங்கப் போறீரு. கடைக்காரரு கெட்டிக்காரருதான்.

இல்லேங்கல. டிமார்ட்டை ஆரம்பிச்ச ராதாகிஷன் தமானி பங்குச் சந்தையில பழம் தின்னு கொட்டை போட்ட ஆளு. 2002-ல மும்பை பவாய்ல முதல் கடையைத் திறந்தாரு. கட்டடம் முக்கால்வாசி சொந்தம், வாடகைத் தொல்லை இல்ல. சரக்கு போட்டவனுக்குச் சீக்கிரமே பணத்தை எண்ணி வச்சிருவாரு. அந்தத் தைரியத்துல விலையைக் கறாராக் குறைச்சுக் கேப்பாரு. அதுல கொஞ்சம் உமக்கும் வருது.

ஆனா யாருக்கு வருது? மாசச் சம்பளம், பைக்கு, சாமான் அடுக்க அலமாரி உள்ளவனுக்கு. அன்னாடங்காய்ச்சி சாயங்காலம் நூறு ரூபாயோட வந்து நிக்கா. அஞ்சு கிலோ பையில தள்ளுபடி இருந்தா அவளுக்கு என்ன, இல்லாட்டி என்ன? அண்ணாச்சி கடையில கால் கிலோ பருப்பு, ஒரு ரூபா ஷாம்பு. காசு குறைஞ்சா நோட்டுல எழுதிக்கிடுவாரு. கிலோக் கணக்குப் பார்த்தா அவதான் உம்மளவிட விலை கூடக் குடுக்கா. இல்லாதவன்தானவே இங்க தாராளமாக் குடுக்கான்!

துணியையே எடுத்துக்கிடும். உம்ம வீட்டம்மாவுக்குத் தீவாளின்னா ரங்கநாதன் தெரு. இடிபட்டு, மிதிபட்டு எடுத்தாத்தான் சேலை சேலையா இருக்கும். சம்பந்தி வீட்டுக்குப் போகணும்னா மட்டும் ஏசி கடைப் பை. கடைப் பேரு வெளிய தெரியற மாதிரி புடிச்சுக்கிடணும். விலையைப் பார்த்தா கடைக்குப் போறோம்? மடியையும் மவுசையும் பார்த்துல்லா போறோம்!

சுபிக்ஷா கடை ஞாபகம் இருக்கா? 1997-ல திருவான்மியூர்ல ஆரம்பிச்சு, ஏசி கீசி இல்லாம எம்ஆர்பிக்குக் கீழ வித்தாங்க. மளமளன்னு நாடு பூரா 1,600 கடை. பெரும்பாலும் கடன் வாங்கி. 2009-ல மொத்தமா மூடியாச்சு. கடன் வாங்கின கடை போச்சு. கடன் குடுக்கிற கடை இன்னும் முக்குல இருக்கு.

அதனால கேளும். கையில காசு இருக்கையில பெரிய கடைக்குப் போவும். சீட்டு எழுதிட்டுப் போவும், சீட்டுல இல்லாததைத் தொடாதேயும். அன்னைக்கே அண்ணாச்சிகிட்டயும் ஒரு உப்புப் பாக்கெட்டாவது வாங்கும். மாசக் கடைசியில மட்டும் மூஞ்சியைக் காட்டினா, அவரு நோட்டு தொலைஞ்சு போயிருக்கும்.

சரி, நேரமாச்சு, கிளம்பும். அங்க ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு பிஸ்கட்டு இருந்தா எடுத்துட்டு வாரும். காசு குடுத்ததை நீரு வச்சுக்கிடும். இலவசத்தை மாமாவுக்குத் தாரும்.