அந்நியமாதல் கட்டுரையில் அந்நியமாதல்: ஓர் ‘எனலாம்’ ஆய்வு

நாடகத்தில் அந்நியமாதல் பற்றிய கட்டுரைகள் நூலகங்களில் நிறையவே உறங்குகின்றன. அவற்றை எழுதியவர்கள் எழுதும்போதே எப்படி அந்நியமாகிப் போனார்கள் என்பது உரிய கவனம் பெறவில்லை. அக்குறையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வு எல்லை: சாமுவேல் பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’, ஒரு மேசை, ஆறிப்போன காபி. ஆய்வுக் காலம்: கட்டுரை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு.

1953 ஜனவரி 5 அன்று பாரிஸின் பாபிலோன் அரங்கில் முதன்முதலாக மேடையேறிய நாடகம் இது. மரத்தடியில் இருவர் கோடோ என்பவருக்காகக் காத்திருக்கிறார்கள். அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. திரை விலகும்போது அவ்விருவரில் ஒருவனான எஸ்ட்ரகன் காலணியைக் கழற்ற முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கிறான். முதல் வாக்கியத்தோடு கட்டுரையாளர் படும் பாடும் அதுவே. ‘மனித வாழ்வில்’ என்று எழுதி அடிக்கிறார். ‘இன்றைய சூழலில்’ என்று எழுதி அடிக்கிறார். நாடகத்திலாவது ஒரு சிறுவன் வந்து, கோடோ இன்று வரமாட்டார், நாளை கட்டாயம் வருவார் என்று சொல்லிப் போகிறான். முதல் வாக்கியம் அப்படி ஆளனுப்பும் பழக்கம் உடையதன்று.

அடுத்தது கலைச்சொல் சிக்கல். தொழிலாளி தன் கையால் செய்த பொருளே தனக்கு வேற்றாளாகிவிடுவதை 1844இல் மார்க்ஸ் எழுதினார். பார்வையாளர் கதையில் கரைந்துவிடாமல் விலகி நின்று யோசிக்க வேண்டும் என்று பிரெக்ட் 1930களில் ஓர் அரங்க உத்தியை வகுத்தார். முன்னது நோய், பின்னது மருந்து. தமிழில் இரண்டின் பெயரும் ‘அந்நிய’ என்றே தொடங்குவதால், கட்டுரையாளர் இரண்டாம் பக்கத்தில் மார்க்ஸில் ஏறி மூன்றாம் பக்கத்தில் பிரெக்டில் இறங்கிவிடுகிறார். நடுவில் டிக்கெட் பரிசோதகர் எவரும் ஏறுவதில்லை.

ஆயினும் இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு இலக்கணம் சார்ந்தது. சொன்னேன், சொன்னாள், சொன்னார்கள் என்று தமிழ் வினையின் விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘நான்’ என்று தனியாகச் சொல்லவேண்டிய தேவைகூட இல்லை. ‘எனலாம்’ அப்படியல்ல. திணை, பால், எண், இடம் எதையும் அது காட்டாது. நானும் எனலாம், நீங்களும் எனலாம், வாய் இருந்தால் மாடும் எனலாம். இரண்டாம் அங்கத்தில் மொட்டை மரம் நாலைந்து இலை விட்டிருப்பது நம்பிக்கையின் குறியீடு எனலாம். கழற்ற முடியாத காலணி இருத்தலின் சுமை எனலாம். இதை எவர் சொல்கிறார்? எவரும் இல்லை. அந்நியமாதலின் உறைவிடம் மேடையன்று, ‘-லாம்’ என்னும் விகுதியே என இதனால் பெறப்படும்.

கோடோ யார் என்று கேட்டபோது, தெரிந்திருந்தால் நாடகத்திலேயே சொல்லியிருப்பேன் என்ற கருத்தில் பெக்கெட் பதில் சொன்னார். அதையே மாணவர் விடைத்தாளில் எழுதினால் சுழியம் கிடைக்கும்.

பெக்கெட்டுக்கு நம் கல்விப்புலம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். லக்கி என்ற பாத்திரத்தைப் பாருங்கள். கழுத்தில் கயிறு, கையில் எசமானரின் பை, மடக்கு நாற்காலி, கூடை. ‘யோசி’ என்று கட்டளை வந்ததும், தொப்பி தலையில் இருக்கும்வரை, அறிஞர் பெயர்களை அடுக்கி மூச்சுவிடாமல் ஓர் ஆய்வுரை ஆற்றுகிறான். எங்கும் ஒரு நிறுத்தற்குறி கிடையாது. தொப்பியைப் பிடுங்கினால்தான் நிற்கிறது. நெறியாளரின் பையைச் சுமந்து கருத்தரங்குக்குப் போன எவரும் இக்காட்சியில் சிரிப்பதில்லை, தலைகுனிகிறார்கள்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கட்டுரை மறுநாள் உரிய நேரத்தில் ஒப்படைக்கப்பட்டது. முகப்பில் பெயர் எழுதப்படவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பேராசிரியர் அதை உயர்த்திப் பிடித்து, ‘‘இது யாரோடது?’’ என்றார். எழுதியவருக்கே தம் கையெழுத்தை அடையாளம் காணச் சற்று நேரம் பிடித்தது. மதிப்பெண் 10க்கு 6.