முழுப் பெயர்

2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டு, வெருகல் கடந்து வாகரைப் பக்கம் ஓடிய நாட்களில் எங்கள் குடும்பத்தில் பெயர் இருந்தது அப்பாவுக்கு மட்டும்தான். நிவாரண அட்டையில் குடும்பத் தலைவர் அவர். அம்மாவும் பிள்ளைகள் நாங்களும் 'அங்கத்தவர்' என்ற கட்டத்துக்குள் ஓர் எண். என் பெயரும் எங்கேயாவது எழுதப்பட வேண்டும் என்ற ஆசை முகாமின் தறப்பாள் கொட்டிலில்தான் வந்தது.

முகாமுக்கு முகாம் புதிதாகப் பதிந்தார்கள். கௌரி என்ற பெயரை ஒரு முகாமில் ஆங்கில 'ஜி'யில் தொடங்குவார்கள், அடுத்ததில் 'கே'யில். பக்கத்துக் கொட்டில் பெரியம்மாவைத் தேடி மகன் வந்தபோது, பதிவு எழுதிய சீ.ஆர். கொப்பியைக் காலையிலிருந்து புரட்டியும் தாயின் பெயர் கிடைக்கவில்லை. பெரியம்மா மூன்று வரிசை தள்ளி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிற விஷயம் வேறொன்று. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்காகக் கொழும்பில் தன்னார்வலர்கள் எழுதிய கட்டற்ற மென்பொருள் சஹானா. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2010இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. சமூகப் பயனுக்கான விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்குத்தான் அளித்தது, 2006ஆம் ஆண்டுக்கு. எங்கள் கொட்டியாரக் குடாக்கரை மக்களையும் மனதில் வைத்துப் பிறந்த மென்பொருள் உலகம் சுற்றிய அதே ஆண்டில், நாங்கள் கொப்பியில் தாயைத் தேடினோம்.

படித்து முடித்து எங்கள் ஊரான கட்டைபறிச்சானுக்குத் திரும்பியபின், இடர்காலப் பதிவுக்கான ஒரு கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை இரவிரவாக வாசிக்கத் தொடங்கினேன். நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் கணக்குத் திறந்தபோது, எழுதப்பட வேண்டும் என்று அத்தனை ஆசைப்பட்ட பெயரை நானே மறைத்தேன். இரண்டு முதலெழுத்து, நான்கு இலக்கம். படம் இல்லை. பெண் என்று தெரிந்தால் என் நிரலைத் திறந்தே பார்க்க மாட்டார்கள் என்று பயம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2017இல் கிட்ஹப் நடத்திய கருத்தாய்வில் பதிலளித்தவர்களில் பெண்கள் 3 வீதம். அதே ஆண்டு வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பெண்கள் அனுப்பிய திருத்தங்களில் ஏறத்தாழ 79 வீதமும் ஆண்கள் அனுப்பியவற்றில் ஏறத்தாழ 75 வீதமும் ஏற்கப்பட்டிருந்தன. ஆனால் திட்டத்துக்குப் புதியவராக வந்து, பெண் என்று அடையாளமும் தெரிந்துவிட்டால் அந்த விகிதம் இறங்கியது. வேலை அதேதான். பெயர் தெரிந்ததும் மதிப்புக் குறைந்தது. இதை அநியாயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

எனக்குத் தைரியம் தந்த முதல் ஆள் து. நித்யா. கணியம் இதழில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் பற்றி அவர் எளிய தமிழில் எழுதிய தொடர் இலவச மின்னூலாகக் கிடைத்தது. தொழில்நுட்பப் புத்தகமொன்றின் அட்டையில் தமிழ்ப் பெண்ணின் பெயரை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த தைரியம் 'ஜி', 'கே'யிலிருந்து வந்தது. ஒலியை வைத்துப் பெயர் தேட அந்த மென்பொருளில் இருந்தது சவுண்டெக்ஸ், 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை. ஒத்த ஒலியுள்ள எழுத்துகளுக்கு ஒரே இலக்கம் கொடுக்கும். ஆங்கில 'ரி'யும் 'டி'யும் அதற்கு ஒன்று; ஆகவே கட்டைபறிச்சானின் நடுவில் எதை எழுதினாலும் பிடித்துவிடும். முதலெழுத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளும். அதனால் 'ஜி'யில் பதிந்த கௌரியைக் 'கே'யில் தேடினால் ஒருக்காலும் கிடைக்காது. பாலனுக்கும் தனத்துக்கும் அதே கதி.

முதலெழுத்தையும் ஒலிக்கூட்டமாக்கித் திருத்தி அனுப்பினேன். இது அரிதான சிக்கல்தானே என்று நிரலைச் சரிபார்த்தவர் கேட்டார். எங்கள் பக்கத்துப் பெயர்களை வைத்தே ஒரு சோதனைக் கோப்பு எழுதி, பழைய முறையில் எத்தனை பேர் தொலைந்துபோகிறார்கள் என்று ஓட்டிக் காட்டினேன். அவருக்கு என்னைவிட நிரல் தெரியும். முகாமில் பெயர் எப்படி எழுதப்படுகிறது என்பது எனக்குத்தான் தெரியும். அந்தப் பதிலை எழுதும்போது கை நடுங்கவில்லை. திருத்தம் ஏற்கப்பட்டது. அதற்கு முன்பே கணக்கில் என் முழுப் பெயரைப் போட்டிருந்தேன்.

சேனையூர், சம்பூர், மூதூர்ப் பிள்ளைகளே, ஊக்கம் தரும் பேச்சுகளுக்காகக் காத்திருக்காதீர்கள். நீங்கள் பட்டறிந்த ஒன்று ஏதோ ஒரு மென்பொருளில் பிழையாகக் கிடக்கிறது. அதைத் தேடிப் பிடியுங்கள். வீட்டிலிருந்தே சம்பளத்தோடு பயிற்சி பெற அவுட்ரீச்சி போன்ற திட்டங்கள் இருக்கின்றன. விண்ணப்பியுங்கள். பெயர் கேட்கும் கட்டத்தில் உங்கள் முழுப் பெயரையும் எழுதுங்கள்.