இழுத்த இழுப்புக்கு வராத வண்டி

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்த மறுநாளே அது சேற்றில் மாட்டியிருக்கும். உடனே ஊர் கூடி இழுத்திருக்கும். ஒருவர் மட்டும் கரையில் நின்று, "அந்தப் பக்கம் போகாதேன்னு அப்பவே சொன்னேன்" என்றிருப்பார். மாட்டிக்கொண்டவர், இழுப்பவர், யோசனை சொல்பவர் என்ற இந்த மூன்று சாதியும் இன்றுவரை அழியவில்லை. வண்டிதான் மாறிவிட்டது. நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகிற ஆல் வீல் டிரைவ் கார் வந்த பிறகு, கண்டபடி இழுப்பது உதவி இல்லை, கொலை முயற்சி. இழுப்பது எப்படி அந்த நிலைக்கு வந்தது என்பது கொஞ்சம் பழைய கதை.

1916. அமெரிக்காவின் டென்னசி மாநிலம், சாட்டனூகா நகரம். ஜான் வைலி என்பவரின் ஃபோர்டு மாடல் டி கார் சிக்கமாகா ஓடையில் குப்புற விழுந்தது. சிக்கமாகா என்ற பெயரில் 1863-ல் உள்நாட்டுப் போரின் பெரிய சண்டை ஒன்று நடந்திருக்கிறது. இரண்டாவது சண்டை இதுதான். வைலி தன் நண்பர் எர்னஸ்ட் ஹோம்ஸுக்குச் சொல்லி அனுப்பினார். ஹோம்ஸ் கராஜ் வைத்திருந்தவர். ஆறு ஆட்கள், கயிறு, கட்டைகள் சகிதம் வந்து இறங்கினார். காரை மேலே கொண்டுவர எட்டு மணி நேரம் ஆனது. ஒரு ஃபுல் ஷிஃப்ட்!

நம்மாளாக இருந்தால் வீட்டுக்குப் போய் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருப்பார். ஹோம்ஸ் யோசித்தார். 1913-ஆம் வருடத்து கேடிலாக் கார் ஒன்றின் மேல் மூன்று கம்பங்களை நட்டார், ஒரு கப்பியை மாட்டினார், சங்கிலியைக் கோத்தார். கிணற்றில் தண்ணீர் சேந்துகிற அதே சாஸ்திரம்தான், குடத்துக்குப் பதில் ஃபோர்டு. இழுவை வண்டி பிறந்தது. அதைக் கௌரவிக்க அந்த ஊரில் அருங்காட்சியகமே இருக்கிறது. மாட்டிக்கொண்டவர்களுக்கு உலகில் எங்கும் அருங்காட்சியகம் கிடையாது.

ஹோம்ஸ் காலத்து கார் சாது. பின்சக்கரம் மட்டும்தான் உழைக்கும், முன்சக்கரம் திசை காட்டும். உழைக்கிற முனையைத் தூக்கிவிட்டு இழுத்தால் பசு மாதிரிப் பின்னால் வரும். ஆனால் அதற்கு 13 வருடம் முன்பே நெதர்லாந்தில் ஒரு விவகாரம் ஆரம்பமாகியிருந்தது. ஸ்பைக்கர் சகோதரர்கள் ராணி வில்ஹெல்மினாவுக்குத் தங்கக் குதிரை வண்டி செய்து கொடுத்தவர்கள். குதிரைக்கு நாலு காலிலும் பலம் இருக்கும்போது காருக்கு மட்டும் ஏன் இரண்டு காலில் என்று தோன்றியதோ என்னவோ, 1903-ல் நாலு சக்கரத்துக்கும் விசை போகிற பெட்ரோல் காரைச் செய்துவிட்டார்கள். அந்தக் கார் இன்று ஹேக் நகர அருங்காட்சியகம் ஒன்றில் பத்திரமாக நிற்கிறது. அதை யாரும் கட்டி இழுப்பதில்லை என்பதால்தான் பத்திரமாக நிற்கிறது.

நாலு சக்கரத்துக்கும் விசை கொடுப்பதில் என்ன சிக்கல்? களத்தில் சூடடிக்கும் மாடுகளைப் பார்த்தவருக்கு மெக்கானிக் வந்து விளக்க வேண்டியதில்லை. நாலைந்து மாடுகளை ஒரே கயிற்றில் பிணைத்துக் கதிர்மேல் சுற்ற விடுவார்கள். உள்பக்கத்து மாடு அசை போட்டபடி நின்ற இடத்திலேயே திரும்பும். ஓரத்து மாடு ஓட்டமும் நடையுமாக வரும். "எல்லா மாடும் ஒரே வேகத்தில்தான் நடக்கணும்" என்று பண்ணையார் உத்தரவு போட்டால் ஒன்று கயிறு அறும், இல்லையேல் மாடு விழும். கார் திரும்பும்போதும் இதே கதைதான். வெளிச்சக்கரம் அதிக தூரம் போகும், உள்சக்கரம் குறைவாகப் போகும். பின்சக்கரங்களைவிட முன்சக்கரங்கள் பெரிய வட்டம் அடிக்கும். நாலும் நாலு வேகம். அந்த வித்தியாசத்தை அனுமதிக்கிற பெருந்தன்மைக்குப் பெயர் டிஃபரன்ஷியல். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டுக்கும் பஞ்சாயத்து பண்ண நடுவில் ஒன்று.

இந்த நடுப் பஞ்சாயத்துக்காக உழைத்தவர்களில் ஒருவர் டோனி ரோல்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் அவரைப் பிடித்து, யாரும் தப்ப முடியாது என்று பீற்றிக்கொண்ட கோல்டிட்ஸ் கோட்டையில் அடைத்தார்கள். சும்மா இருப்பாரா? தேவாலயக் கூரை காவலர் கண்ணில் படாத இடம் என்று கண்டுபிடித்து, அங்கிருந்து கிளைடரில் பறந்துவிடலாம் என்றார். சக கைதிகள் மாடியறையில் ரகசியமாகக் கட்டினார்கள். கட்டில் சட்டமும் தரைப் பலகையும் எலும்பு, கட்டம் போட்ட படுக்கைத் துணி தோல். அந்தத் துணியை விறைப்பாக்க ரேஷனில் கிடைத்த தினையைக் கஞ்சியாகக் காய்ச்சிப் பூசினார்கள். காதி வேட்டிக்குக் கஞ்சி போடுகிற நமக்கு இந்தத் தொழில்நுட்பம் புதிதல்ல. விமானம் பறப்பதற்குள் 1945-ல் நேச நாட்டுப் படை வந்து எல்லோரையும் விடுவித்துவிட்டது. கஞ்சி வீண்.

வெளியே வந்த ரோல்ட் 1953-ல் லெ மான்ஸ் பந்தயத்தை ஜாகுவாரில் ஜெயித்தார். டிராக்டரில் பேர் வாங்கிய ஹாரி ஃபெர்குசனோடு சேர்ந்து நாலு சக்கர விசையில் இறங்கினார். அவர்கள் செய்த பி99 காரை 1961-ல் அவுல்டன் பார்க்கின் ஈரத்தடத்தில் ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டி வென்றார். ஃபார்முலா 1 பந்தயம் ஒன்றை வென்ற ஒரே நாலு சக்கர விசை கார் அதுதான். ஃபெர்குசன் அதைப் பார்க்கவில்லை, முந்தைய வருடமே காலமாகியிருந்தார். பின்னால் ரோல்டின் நிறுவனம் விஸ்கஸ் கப்ளிங் என்ற சாதனத்தைப் பக்குவப்படுத்தியது. ஒரு டப்பா, அதற்குள் ஓட்டை போட்ட வட்டுகள், சுற்றிலும் குழகுழவென்று சிலிகோன் திரவம். முன்னும் பின்னும் லேசாக வேகம் மாறினால் திரவம் கண்டுகொள்ளாது. ரொம்ப மாறினால் சூடாகி இறுக்கிப் பிடிக்கும். வீட்டுப் பெரியவர் மாதிரி.

அடுத்த காட்சி ஆஸ்திரியா. 1978 ஜனவரியில் ஆடி கார் நிறுவனத்தின் பொறியாளர்கள் தங்கள் புதுக் காரை, கோடைக்கால டயரோடு, டுராக்கர் ஹோஹே மலைப்பாதையின் 23 சதவீத ஏற்றத்தில் பனிக்கு நடுவே ஏற்றிக் காட்டினார்கள். மேலதிகாரிகள் வாயைப் பிளந்தார்கள். பிறகு ஆடியின் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வேகனின் வளர்ச்சித்துறைத் தலைவர் எர்ன்ஸ்ட் ஃபியாலா அந்தக் காரை வியன்னாவில் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி கடைக்குப் போக எடுத்தார். நிறுத்துவதற்காக ஒடித்துத் திருப்பியபோது வண்டி தவளை மாதிரித் துள்ளியது. "என்ன காரய்யா இது, குதிக்குது?" என்று அந்த அம்மாள் கேட்டதாக ஆடியின் கதை சொல்கிறது. மலை ஏறிய பெருமை காய்கறிப் பையில் மாட்டிக்கொண்டது. அந்த முன்மாதிரி வண்டியில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது, மாடுகளுக்கு ஒரே வேக உத்தரவு. ஓடிப்போய் 263 மில்லிமீட்டர் நீளத்தில் உள்ளே துளையுள்ள ஷாஃப்ட் ஒன்றைச் செய்து, கியர் பாக்ஸுக்குள்ளேயே நடுப் பஞ்சாயத்தைக் குடிவைத்தார்கள். 1980 மார்ச்சில் ஜெனிவாவில் அந்தக் கார் குவாட்ரோ என்ற பெயரில் அரங்கேறியது.

இத்தனை பேர் இத்தனை வருடம் பாடுபட்டதை இழுவை வண்டிக்காரர் ஒருவர் அரை மணியில் முடித்துவிடலாம். எப்படி? முன்சக்கரத்தை மட்டும் தூக்கி மாட்டி, பின்சக்கரம் ரோட்டில் உருள நெடுஞ்சாலையில் பறந்தால் போதும். பின்னால் நூறு, முன்னால் பூஜ்யம். நடு டிஃபரன்ஷியல் தன் ஆயுளில் பார்க்காத வேக வித்தியாசம் அது. விஸ்கஸ் டப்பா கொதிக்கும், வட்டுகள் ஒன்றையொன்று கவ்வும், பிறகு விடாது. இன்ஜின் ஓடவில்லையே, ஆயில் பம்ப்பும் ஓடாது. பல ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்களில் எண்ணெய் மேலே ஏறாமல் பல் சக்கரங்கள் வறண்ட வாயோடு சுற்றும். சில வண்டிகளில் கியர் பார்க்கில் கிடந்தால், தூக்கி மாட்டிய முன்சக்கரங்கள் ஆகாயத்தில் பின்னோக்கிச் சுற்றும். பேய் பிடித்த மாதிரி. பின்னால் வருகிறவர் பார்த்தால் ஹாரன் அடித்துச் சொல்வது புண்ணியம்.

ஏற்கெனவே இழுத்துவிட்டார்கள் என்றால்? அழுவதற்கு முன் சில சோதனைகள். முதலில் வாக்குமூலம்: எந்த முனையைத் தூக்கினார்கள், எவ்வளவு தூரம், என்ன வேகம், ஹேண்ட் பிரேக் போட்டிருந்ததா. இழுவை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்பே செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். இறக்கிய பிறகு எல்லோருக்கும் ஞாபக மறதி வரும். டயரை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் வழுக்கை விழுந்திருந்தால் தரதரவென்று இழுத்திருக்கிறார்கள்.

அடுத்து அடிவயிறு. கியர் பாக்ஸ், விசையை முன்னும் பின்னும் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ், பின் டிஃபரன்ஷியல் மூன்றிலும் எண்ணெய்க் கசிவு, ரப்பர் உறைக் கிழிசல், தீய்ந்த வாடை. எண்ணெயை இறக்கும்போது பிளக்கின் காந்தத்தைப் பாருங்கள். விபூதி மாதிரி மெல்லிய சாம்பல் பூச்சு இருந்தால் வழக்கமான தேய்மானம். விரலில் குத்துகிற செதிலும் துணுக்கும் இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. எண்ணெய் கறுத்து, கருகிய நாற்றம் அடித்தாலும் நல்லதல்ல.

அப்புறம் அந்த வியன்னா அம்மாளின் சோதனை. காலியான, காய்ந்த சிமெண்டுத் தரைக்குப் போங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, நடக்கிற வேகத்தில் எட்டு போடுங்கள். லைசென்ஸுக்குப் போட்ட அதே எட்டு. வண்டி வெண்ணெயாகத் திரும்பினால் நிம்மதி. யாரோ பிரேக்கை மிதித்த மாதிரி இழுத்து, உதறி, டயர் கீச்சிட்டுத் துள்ளினால் கப்ளிங் கவ்விக்கொண்டது. இதற்கு நேர்மாறான வியாதியும் உண்டு: கப்ளிங் கருகிப்போய்ப் பின்சக்கரத்துக்கு விசையே போகாது. சரளையில் ஏறும்போது முன்சக்கரம் மட்டும் மண்ணை வாரும். வேகத்தோடு ஏறி இறங்குகிற ஊளைச் சத்தம் கேட்டால் பேரிங். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டாலும் ஒருமுறை ஸ்கேனர் போட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: இரண்டு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு கியரைப் போட்டுப் பார்ப்பது. தரையிலிருக்கும் மற்ற இரண்டும் விசை வாங்கும், கார் ஜாக்கியை விட்டு இறங்கி உங்களை நோக்கி வரும்.

துள்ளுகிற காரை ஓட்டியே பட்டறைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். திரும்பவும் இழுத்துத்தான் போகவேண்டும். இந்த முறை போனில் ஒரே வார்த்தை சொல்லுங்கள்: ஃபிளாட்பெட். நாலு சக்கரமும் மேடையில் ஏறி உட்கார்ந்து வரட்டும். ஃபிளாட்பெட் இல்லை என்றால், தரையில் இருக்கிற சக்கரங்களுக்கு அடியில் குட்டி டிராலி வைக்கச் சொல்லுங்கள். அதுவும் இல்லை என்றால் ஒரு டீ குடித்துவிட்டு, வரும்வரை காத்திருங்கள். 1916-ல் ஹோம்ஸ் எட்டு மணி நேரம் போராடினார். அந்த மாடல் டி-க்கு நடு டிஃபரன்ஷியல்கூடக் கிடையாது.